ஐந்து சிக்மாவும் பன்னிரண்டு நேர்காணலும்: மூன்றும் ஆய்வுதானா?

உங்கள் வீட்டில் மூன்று பேர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறீர்கள். நீங்கள் துகள் இயற்பியல் தரவில், தங்கை சமூக உளவியலில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியரான அண்ணன் கல்வித் தலைமைத்துவத்தில் பகுதிநேரமாக. உங்கள் துறையில் ஐந்து சிக்மா (ஒரு முடிவு தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் அளவுகோல்) வராமல் வாய் திறக்க முடியாது. தங்கை அதே போன்ற தன் துறை அளவான பி-மதிப்பு 0.05-க்குக் கீழே போனால் முடிவு கிடைத்துவிட்டது என்கிறார். அண்ணன் பன்னிரண்டு தலைமையாசிரியர்களிடம் பேசி அதையே தீசிஸாக எழுதப் போகிறார். மூன்றுக்கும் ஒரே பட்டமா, இதில் எது உண்மையான ஆய்வு என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. ஓர் ஆய்வாளர் எந்தக் கட்டத்தில் ‘இது எனக்குத் தெரியும்’ என்று சொல்லலாம்? அதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். துகள் இயற்பியல் தரவில் முனைவர் பட்டம் முடித்தேன். அப்புறம் பல ஆண்டுகளாக ஒரு பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறை ஆய்வு மாணவர்களுக்கும் புள்ளியியல் ஆலோசனை சொல்லி வருகிறேன். உளவியல் மாணவர்களின் தரவை நிறையப் பார்த்திருக்கிறேன். கல்வித் தலைமைத்துவத்தில் என் அனுபவம், வருகிற மாணவர்களோடு உட்கார்ந்து அவர்கள் தரவைப் படித்தது வரைதான். பள்ளி நடத்திய அனுபவம் கிடையாது. அந்தப் பகுதியில் நான் சொல்வதை உங்கள் அண்ணன் மறுத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஐந்து சிக்மாவிலிருந்து தொடங்குகிறேன். 2012 ஜூலை 4 அன்று ஐரோப்பாவின் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னில் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரண்டு குழுக்களும் 125 ஜி.இ.வி. (துகள்களின் நிறையை அளக்கும் அலகு) பக்கத்தில் ஒரு புதிய துகளைக் கண்டதாக அறிவித்தன. அதுதான் ஹிக்ஸ் துகள். அந்த அறிவிப்பில் இருந்த ஐந்து சிக்மாவுக்குப் பொருள் இது: அப்படி ஒரு துகளே இல்லை என்று வைத்துக்கொண்டால், பின்னணி நிகழ்வுகளின் (புதிய துகள் இல்லாமலே நடக்கும் வழக்கமான மோதல்களின்) தற்செயலான ஏற்ற இறக்கம் மட்டும் தரவின் வரைபடத்தில் இவ்வளவு பெரிய மேட்டை உண்டாக்க ஏறத்தாழ 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. ஹிக்ஸ் இல்லாமலிருக்க 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று இதைப் பலர் எழுதுகிறார்கள். அது வேறு கூற்று, இந்தக் கணக்கு அதைச் சொல்லவில்லை. தங்கையின் 0.05-ம் இதே வகைக் கணக்குதான். விளைவே இல்லாவிட்டாலும் இருபதில் ஒரு தடவை இப்படி ஒரு தரவு வந்துவிடும் என்கிறது. கேட்கப்படும் கேள்வி இரண்டிலும் ஒன்றே. வைத்திருக்கும் வாசற்படியின் உயரம்தான் வேறு.

உயரம் ஏன் வேறு? நாம் மேலானவர்கள் என்பதால் இல்லை. செர்னின் பெரிய மோதுவியில் புரோட்டான் கற்றைகள் விநாடிக்கு சுமார் 4 கோடி தடவை ஒன்றையொன்று கடக்கின்றன. தரவு குவிந்து கிடக்கிறது. அதை ஆயிரக்கணக்கான வரைபடங்களாக வரைந்து, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான இடங்களில் மேடு இருக்கிறதா என்று தேடுகிறோம். அவ்வளவு இடத்தில் தேடினால் மூன்று சிக்மா மேடுகள் தானாகவே முளைக்கும். 2015 டிசம்பரில் அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டுமே 750 ஜி.இ.வி. அருகே இரட்டை ஃபோட்டான் (ஒளித்துகள்) தரவில் ஒரு மேட்டைக் காட்டின. சில மாதங்களில் கோட்பாட்டாளர்கள் ஏறத்தாழ ஐந்நூறு கட்டுரைகள் எழுதினார்கள். 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்தது, மேடு காணாமல் போனது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஐந்து சிக்மா என்ற உயரம் இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் சிக்மா எவ்வளவு ஏறினாலும் தடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. 2011 செப்டம்பரில் ஓபரா குழு, செர்னிலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்துக்கு வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியை விட 60 நானோ விநாடி முந்தி வந்ததாக அறிவித்தது. முடிவு ஆறு சிக்மா. 2012-ல் காரணம் தெரிந்தது: நேரத்தைக் கடத்தும் ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகப் பொருத்தப்படவில்லை. சிக்மா அளப்பது தற்செயலை. கருவியில் ஒரு கோளாறு நிலையாக உட்கார்ந்திருந்தால், தரவு சேரச் சேர அந்தத் தவறான எண்ணின் மீதுதான் நம்பிக்கை கூடும். ஆகவே இயற்பியல் தரவில் ஆய்வு மாணவரின் உண்மையான வேலை முறைசார் பிழைகளைத் தேடுவதுதான். உங்கள் மூன்று நான்கு ஆண்டுகளும் பெரும்பாலும் அளவுத்திருத்தத்திலும் பின்னணிக் கணிப்பிலும்தான் போகும். 2015-ல் அட்லஸும் சி.எம்.எஸ்.ஸும் சேர்ந்து ஹிக்ஸ் நிறையைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில் 5,154 பெயர்கள் இருந்தன. 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப்பட்டியலே. உங்கள் பெயர் அப்படி ஒரு பட்டியலில் எங்கோ இருக்கும். தீசிஸில் நீங்கள் காட்ட வேண்டியது அதில் உங்கள் கையால் நடந்த அந்தச் சின்னப் பகுதியைத்தான்.

இயற்பியலில் எனக்கு அதிக மரியாதை உள்ள பழக்கம் ஒன்று உண்டு: விடை தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு கணக்குப் போடுவது. அமெரிக்காவில் ஃபெர்மி ஆய்வகத்தில், மியூவான் என்ற துகளின் காந்தப் பண்பை அளக்கும் ஜி-2 சோதனையில், மின்னணுக் கடிகாரத்தின் சரியான அதிர்வெண்ணைக் குழுவில் யாருக்கும் சொல்லவில்லை. அது தெரியாமல் இறுதி விடையைக் கணக்கிட முடியாது. குழுவுக்கு வெளியே இருந்த இரண்டு பேர் அதை நிர்ணயித்து உறையில் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாப் பகுப்பாய்வும் முடிந்து, இனி எதையும் மாற்ற மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, 2021 பிப்ரவரியில்தான் உறையைப் பிரித்தார்கள். எண்கள் ஏப்ரல் 7 அன்று வெளியாயின. ஏன் இவ்வளவு பாடு? விடை தெரிந்தவர், அந்த விடை வரும் வரைக்கும்தான் பிழை தேடுவார். வந்ததும் நிறுத்திவிடுவார். எதிர்பார்த்த விடை வராதபோது மட்டும் தோண்டித் துருவுவார். இது நேர்மைக் குறைவால் வருவதில்லை, மனிதர் எல்லோருக்கும் உள்ள இயல்பு. மூன்று துறையும் போராடுவது இந்த ஒன்றோடுதான் என்பது என் கருத்து. ஆய்வு செய்கிறவரின் எதிர்பார்ப்பு தரவுக்குள் நுழைந்துவிடாமல் எப்படித் தடுப்பது? அதற்கு ஒவ்வொரு துறையும் என்ன ஏற்பாடு செய்திருக்கிறது என்று பாருங்கள். அதை வைத்து எடை போடலாம். சிக்மாவையும் தலை எண்ணிக்கையையும் வைத்துப் போட்டால் தவறிப் போவீர்கள்.

இந்த எதிர்பார்ப்பையே சோதனைக்கு உட்படுத்திக் காட்டியது உங்கள் தங்கையின் துறை. ராபர்ட் ரோசென்தால் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களிடம் எலிகளைக் கொடுத்தார். சிலரிடம் இவை புத்திசாலி எலிகள் என்றார், சிலரிடம் மந்தமானவை என்றார். உண்மையில் எல்லாம் சாதாரண எலிகள், பெயர் மட்டும் குலுக்கல் முறையில் ஒட்டப்பட்டது. புத்திசாலி என்று சொல்லப்பட்ட எலிகள் புதிர்ப்பாதையில் சிறப்பாக ஓடியதாக மாணவர்களின் தரவு சொன்னது. இதைப் பற்றி 1963-ல் அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவர் அவருக்குக் கடிதம் போட்டார். பெயர் லெனோர் ஜேக்கப்சன், தெற்கு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியை. எலிக்கு நடப்பது பிள்ளைகளுக்கும் நடக்குமா, என் பள்ளியில் பார்க்கலாமா என்பதே அவர் கேட்டதன் சாரம். ஆக, சமூக உளவியலின் மிகப் புகழ்பெற்ற பள்ளிச் சோதனை ஒரு தலைமையாசிரியையின் கேள்வியிலிருந்து வந்தது. உங்கள் அண்ணனிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஒரு நுண்ணறிவுத் தேர்வு வைத்தார்கள். பிறகு ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குலுக்கலில் எடுத்து, இவர்கள் இந்த ஆண்டு திடீரென்று மலரப் போகிறவர்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். ஆண்டு முடிவில் முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் மதிப்பெண் மற்றவர்களை விடக் கூடுதலாக ஏறியிருந்தது. மேல் வகுப்புகளில் அப்படி எதுவும் தெரியவில்லை. 1968-ல் புத்தகமாக வந்ததும் உலகமெங்கும் ஆசிரியர் பயிற்சியில் இதைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் அதே ஆண்டில் ராபர்ட் தார்ண்டைக் என்ற அளவீட்டு வல்லுநர், அந்தத் தேர்வு சின்னப் பிள்ளைகளுக்குப் பொருந்தவே இல்லை என்று காட்டினார். ஒரு முதல் வகுப்புப் பிரிவின் பகுத்தறிதல் நுண்ணறிவு எண் (ஐ.கியூ., வழக்கமான சராசரி 100) சராசரியாக 31 என்று வந்திருந்தது. உட்கார்ந்து பென்சில் பிடித்துத் தேர்வு எழுதும் ஒரு வகுப்பின் சராசரி 31 என்றால் கோளாறு கருவியில் இருக்கிறது. ஓபராவின் கேபிளும் இதுவும் ஒரே வகைப் பிழை. பிறகு வந்த பல பத்தாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் நிலை இப்படி: ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளைகளைப் பாதிக்கிறது என்பது உறுதி, சராசரி அளவு சிறியது என்பதும் ஏறத்தாழ உறுதி. ஓரங்கட்டப்பட்ட பிள்ளைகளிடம் அது கூடுதலாக இருக்கலாம் என்பதற்கு ஆதாரம் உண்டு. நுண்ணறிவு எண்ணையே உயர்த்துகிறதா என்பது சந்தேகத்துக்குரியது.

இனி 0.05. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925-ல் இருபதில் ஒன்று என்பதை வசதியான எல்லையாகச் சொன்னார். வயல் சோதனை போன்ற வேலைகளில், திரும்பத் திரும்பச் செய்து பார்ப்போம் என்ற எண்ணத்தோடு சொன்னது அது. சமூக உளவியல் எல்லையை எடுத்துக்கொண்டது, திரும்பச் செய்து பார்ப்பதை விட்டுவிட்டது. 2011-ல் இது வெடித்தது. டேரில் பெம் என்ற மூத்த பேராசிரியர், மனிதர்களால் எதிர்காலத்தை முன்கூட்டி உணர முடியும் என்று ஒன்பது சோதனைகளோடு துறையின் முதன்மையான இதழில் கட்டுரை வெளியிட்டார். துறையில் நடப்பில் இருந்த விதிகள் எதையும் அவர் மீறியதாகத் தெரியவில்லை. அப்படியென்றால் விதியே சரியில்லை என்று பலருக்கும் உறைத்தது. அதே ஆண்டு சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் மூவரும் இன்னொன்று செய்தார்கள். எந்த மாறியை (அளக்கும் கூறை) சேர்ப்பது, எப்போது தரவு சேர்ப்பதை நிறுத்துவது போன்ற சில்லறை முடிவுகளை ஆய்வாளர் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டால் 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்யான நேர்முடிவு (இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டுவது) 60 சதவீதத்தைத் தாண்டிவிடும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு குறைந்தது என்ற அபத்தமான முடிவைக்கூட, உண்மையான தரவை வைத்து, அன்று செல்லுபடியான முறையிலேயே எடுத்தார்கள்.

பிறகு உளவியலாளர் பிரையன் நோசெக் தலைமையில் பெரிய கூட்டணி ஒன்று, வெளிவந்த 100 ஆய்வுகளை மறுபடி செய்து 2015-ல் முடிவைச் சொன்னது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் நேர்முடிவு காட்டியிருந்தன, மறுசோதனையில் 36 சதவீதம்தான் தேறின. சமூக உளவியலை மட்டும் எடுத்தால் ஏறத்தாழ நான்கில் ஒன்று. மனவுறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் என்ற கருத்து பாடப்புத்தகங்களில் எல்லாம் இருந்தது. 2016-ல் 23 ஆய்வகங்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த மறுசோதனையில் அதன் விளைவு சுழியை ஒட்டி வந்தது. சரி, அதற்காகத் துறையே பொய் என்று சொல்லிவிடாதீர்கள். 2014-ல் 36 இடங்களில் 13 விளைவுகளைச் சோதித்தபோது 10 தேறின. முதலில் காதில் விழுந்த எண் அடுத்துச் சொல்லும் மதிப்பீட்டை இழுத்துவிடும் என்ற விளைவு, மூல ஆய்வில் இருந்ததை விடவும் வலுவாக வந்தது.

இந்த நெருக்கடிக்குப் பிறகு தங்கையின் துறை செய்தது பெரிய காரியம். தரவு சேர்ப்பதற்கு முன்பே கருதுகோளையும் பகுப்பாய்வுத் திட்டத்தையும் பொதுவில் பதிவு செய்கிறார்கள். சில இதழ்கள் முடிவு தெரியும் முன்பே திட்டத்தை மட்டும் பார்த்துக் கட்டுரையை ஏற்கின்றன. 2021-ல் வெளியான ஓர் ஒப்பீட்டில், பழைய முறைக் கட்டுரைகளில் 96 சதவீதம் கருதுகோளை உறுதி செய்தன, முன்பே ஏற்கப்பட்டவற்றில் 44 சதவீதம்தான். ஃபெர்மி ஆய்வகத்தின் உறையும் இந்த முன்பதிவும் செய்வது ஒரே வேலை. ஆகவே தங்கையிடம் 0.05 போதுமா என்று கேட்க வேண்டாம். முன்பதிவு செய்தாயா, மாதிரியின் அளவை எப்படி முடிவு செய்தாய், எந்தெந்த மாறியை அளந்துவிட்டு எழுதாமல் விட்டாய் என்று கேளுங்கள். எல்லையை 0.005-க்கு இறக்கலாம் என்று 72 பேர் சேர்ந்து எழுதிய யோசனையும் இருக்கிறது. அது நல்லதா என்பதில் துறைக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. மாதிரியைத் திரட்டுவதற்கு ஆகும் செலவை யோசித்தால் எனக்கும் தயக்கம்தான்.

அண்ணனின் துறைக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் கேள்வியில் கொஞ்சம் ஏளனம் தெரிகிறது, அதை விட்டுவிடச் சொல்வேன். பள்ளித் தலைமை பற்றிய கேள்விகள் இரண்டு வகை. தலைமையாசிரியர் மாறினால் பிள்ளைகளின் கற்றல் எவ்வளவு மாறும் என்பது ஒரு வகை. ஒரு நல்ல தலைமையாசிரியர் உண்மையில் என்ன செய்கிறார், ஏன் அப்படிச் செய்கிறார் என்பது இன்னொரு வகை. முதல் வகைக்கு எண்ணிக்கை வேண்டும், இரண்டாவதற்கு நேர்காணலும் கூட இருந்து கவனிப்பதும் வேண்டும்.

முதல் வகையில் என்ன தெரியும்? நியூசிலாந்தின் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் வேறு இருவரும் சேர்ந்து 2008-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது), கற்பித்தலை மையமாக வைத்த தலைமையின் விளைவு, ஊக்கமூட்டும் தலைமையின் விளைவைப் போல மூன்று நான்கு மடங்கு என்றது. ஆசிரியர்களின் கற்றலில் தலைமையாசிரியரும் கூட உட்கார்ந்து பங்கேற்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய விளைவாக வந்தது. திசை எனக்கு நம்பும்படி இருக்கிறது. ஆனால் அந்த மூன்று நான்கு மடங்கு என்ற அளவு சில ஆய்வுகளின் மேல்தான் நிற்கிறது. 2021-ல் ஆய்வாளர் கிரிஸமும் வேறு இருவரும் அமெரிக்கத் தரவைத் தொகுத்து, சராசரிக்குக் கீழே உள்ள ஒரு பள்ளி முதல்வரை மாற்றி மேலே உள்ளவரைப் போட்டால் ஓராண்டில் கணிதத்தில் 2.9 மாதக் கற்றலும் வாசிப்பில் 2.7 மாதக் கற்றலும் கூடும் என்றார்கள். அதுவும் ஆறு ஆய்வுகளின் தொகுப்பே. அதற்குப் பின் வந்த மறுகணக்கீடுகள் இந்த அளவு மிகக் கூடுதல் என்கின்றன. சிக்கல் எங்கே என்றால், தலைமையாசிரியரின் பங்கையும் பள்ளியின் பங்கையும் பிரிப்பது கடினம். ஒரே தலைமையாசிரியர் வேறு பள்ளிக்கு மாறும்போதுதான் பிரிக்கவே முடியும். அந்த மாறுதலும் குலுக்கலில் நடப்பதில்லை.

இங்கே நான் அடிக்கடி பார்க்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். இருபது பள்ளிகளில் ஆயிரம் மாணவர்களிடம் வினாத்தாள் நிரப்பி, தலைமையாசிரியரின் தலைமைப் பாணியோடு மதிப்பெண்ணை ஒப்பிட்டு, மாதிரி 1,000 என்று எழுதுவார்கள். தலைமையாசிரியர் பற்றிய கேள்விக்கு அங்கே மாதிரி 20தான். ஒரே பள்ளியில் படிக்கும் ஐம்பது பிள்ளைகளும் அதே தலைமையாசிரியர், அதே ஊர், அதே ஆசிரியர் பற்றாக்குறை எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்கள் ஐம்பது தனித்தனிச் சாட்சிகள் ஆக மாட்டார்கள். மோதல் நிகழ்வுகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று எண்ணிப் பழகிய உங்களுக்கு இது சட்டென்று கண்ணில் படாது. மாணவர், பள்ளி என்ற அடுக்குகளைத் தனித்தனியாகக் கணக்கில் எடுக்கும் அடுக்குநிலைப் பகுப்பாய்வு என்ற முறை இதற்காகவே இருக்கிறது. உங்கள் கணிதப் பயிற்சிக்கு அது சில வாரத்தில் பிடிபட்டுவிடும். வீட்டிலேயே அண்ணனுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அது.

இரண்டாவது வகைக் கேள்விக்குப் பன்னிரண்டு நேர்காணல் போதுமா? இந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது தெரியுமா? கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் மூவரும் கானாவிலும் நைஜீரியாவிலும் பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை ஆராய்ந்து, முதல் பன்னிரண்டுக்குள்ளேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று 2006-ல் எழுதினார்கள். ஒரே மாதிரியான குழு, குறுகலான கேள்வி, எல்லோரிடமும் ஒரே வினாப்பட்டியல் என்ற நிபந்தனைகளோடு சொன்னது அது. நிபந்தனை எங்கோ விடுபட்டு எண் மட்டும் தீசிஸ் தீசிஸாகப் பயணம் செய்கிறது. கிராமத் தொடக்கப் பள்ளி, நகர மேல்நிலைப் பள்ளி, உதவி பெறும் பள்ளி என்று கலந்து பன்னிரண்டு பேரை எடுத்தால் ஒவ்வொரு வகையிலும் நான்கு பேர்தான். அது போதாது. ஒரே வட்டாரத்தின் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பன்னிரண்டு பேரிடம், ஆசிரியர் காலியிடத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்ற ஒரே கேள்வியோடு போனால் போதுமானதாக இருக்கலாம்.

நேர்காணலில் ஆய்வாளரின் எதிர்பார்ப்பு வேறு வழியில் நுழைகிறது. உங்கள் அண்ணன் ஓர் எச்.எம். அவர் போய் இன்னொரு எச்.எம்.மிடம் ஒலிப்பதிவுக் கருவியை வைத்தால், இது சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகத்துக்குப் போகுமோ என்ற நினைப்பு எதிரில் இருப்பவருக்கு வராமல் இருக்காது. தன் பள்ளி ஆசிரியர்களிடமே கேட்டால் ‘எல்லாம் நல்லாத்தான் சார் போயிட்டிருக்கு’ என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. ஆகவே தன் பள்ளியை விட்டுவிட வேண்டும். தனக்கு மேலோ கீழோ அதிகாரத் தொடர்பு உள்ளவர்களையும் விட வேண்டும். சொன்னதை மட்டும் நம்பாமல் ஆசிரியர் கூட்டக் குறிப்பேடு, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானங்கள், வகுப்பறை என்று வேறு இடங்களில் ஒப்பிட வேண்டும். தன் முடிவுக்கு எதிராக நிற்கும் ஒரு பள்ளியையாவது வலிந்து தேடிப்போக வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம், தரமான தீசிஸை அடையாளம் காட்டுவதும் அதுதான். அதைச் செய்து, தன் நிலையை வெளிப்படையாக எழுதிய ஒரு நேர்காணல் ஆய்வை, முன்பதிவு இல்லாத ஒரு 0.04-ஐ விட நான் அதிகம் நம்புவேன். பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு ‘தமிழ்நாட்டுத் தலைமையாசிரியர்கள் இப்படி’ என்று எழுதினால் நம்ப மாட்டேன்.

பட்டம் ஒன்றுதானா என்றும் கேட்டீர்கள். இந்தியாவில் ஒன்றுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைகள் எல்லாத் துறைக்கும் பொது. குறைந்தது மூன்று ஆண்டு, வழக்கமாக அதிகபட்சம் ஆறு ஆண்டு, பகுதிநேரம் அனுமதி. தீசிஸ் கொடுக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய நிபந்தனையும் போய்விட்டது, அதைச் சில பல்கலைக்கழகங்கள் சொந்த விதியாக வைத்திருக்கின்றன. எவ்வளவு ஆதாரம் போதும் என்று அந்த விதிமுறை சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அது நெறியாளர், புறத்தேர்வர், வைவா (வாய்மொழித் தேர்வு) கையில் இருக்கிறது. அமெரிக்காவில் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கென்று தனிக் கல்வி முனைவர் பட்டம் உண்டு, ஹார்வர்டு 1920-களின் தொடக்கத்திலிருந்து கொடுத்து வந்தது. அதை ஆய்வுப் பட்டத்திலிருந்து எப்படி வேறுபடுத்துவது என்று 2007-லிருந்து பல பல்கலைக்கழகங்கள் கூடிப் பேசி வருகின்றன. தன் பணியிடத்தின் ஒரு சிக்கலை எடுத்து, தீர்த்துப் பார்த்து, எழுதுவதே அங்கே தீசிஸாக ஏற்கப்படுகிறது. உங்கள் அண்ணனின் ஆர்வம் அந்தப் பக்கம் இருப்பதாக உங்கள் விவரிப்பிலிருந்து ஊகிக்கிறேன். இங்கே அதற்குத் தனிப் பட்டம் பரவலாக இல்லாததால், செயல் ஆய்வு என்ற பெயரில் செய்யலாமா என்று நெறியாளரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளட்டும். சினாப்சிஸ் (தீசிஸுக்கு முந்தைய ஆய்வுச் சுருக்கம்) கொடுக்கும்போது கேட்டால் தாமதம்.

மூன்று பேரும் சேர்ந்து தொட்டுப் பார்க்க ஒரு தரவும் சொல்கிறேன். பன்னாட்டு மாணவர் மதிப்பீடான பீசாவின் 2009 சுற்றின் நீட்டிப்பில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. முடிவில் இரண்டும் பட்டியலின் அடியில் இருந்தன, அதைப் பற்றி அப்போது நிறையச் சர்ச்சை நடந்தது. கவனிக்க வேண்டிய ஒன்று, மாணவர் விடைகளோடு பள்ளித் தலைமையாசிரியர்கள் நிரப்பிய வினாத்தாளும் அந்த மதிப்பீட்டில் உண்டு என்பது. தரவைத் திறக்கும் முன்பே மூவரும் தனித்தனியாக, எந்தக் கேள்விக்கும் எந்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு வரும், எவ்வளவு வரும், எது வந்தால் என் எண்ணம் தவறு என்று ஒரு பக்கம் எழுதித் தேதி போட்டு வையுங்கள். தலைமையாசிரியர் தன்னைப் பற்றித் தானே எழுதிய விடையை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தங்கை சொல்வார். மாணவர்களையும் பள்ளிகளையும் சரியாக அடுக்குவதை நீங்கள் பாருங்கள். வினாத்தாளின் எந்தக் கேள்விக்கு நம் ஊர்த் தலைமையாசிரியர் எதை மனதில் வைத்துப் பதில் எழுதியிருப்பார் என்பது அண்ணனுக்குத்தான் தெரியும், அது தெரியாமல் அந்தத் தரவை நீங்கள் எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டாலும் பயனில்லை.